பக்கத்து சீட்டு ஜெபம்

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுவேன். மகளை எழுப்புவேன். எழமாட்டாள். இரண்டாம் முறை போர்வையை உருவுவேன். அவள் பல் தேய்க்கும் நேரத்தில் கீழே போய் ஜீப்பைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். எங்கும் போவதில்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். அணைத்துவிட்டு மேலே வந்து ரொட்டியில் வெண்ணெய் தடவுவேன். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு பஸ் பிடித்து ஆபீஸ் போவேன். மனைவி இறந்ததிலிருந்து இப்படித்தான்.

பள்ளி விடுமுறை தொடங்கிய அன்று ரொட்டியைப் பொட்டலமாகக் கட்டினேன். மனைவியின் அக்கா முந்தின நாளே வந்திருந்தார். மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், விடுமுறை முடிந்ததும் அங்கேயே பள்ளியில் சேர்ப்பதாக ஏற்பாடு. நானும் சரி என்றிருந்தேன். யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் வீடு மலைக்கு அந்தப் பக்கம். மழையில் தண்டவாளம் பழுதாகி ரயில் நின்றுபோயிருந்தது.

"நானே கொண்டுபோய் விடுறேன்க்கா."

"அந்த மீன்லயா?" என்றார் அக்கா.

ஜீப்புக்கு மீன் என்று பெயர் வைத்தவள் என் மனைவி. பைபிளில் யோனாவை விழுங்கிய மீன். "உள்ள போனா மூணு நாள் கழிச்சுத்தான் துப்பும்" என்பாள். கல்யாணமான புதிதில் வாங்கியது. கதவு ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். அவள்தான் ஓட்டுவாள். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவள் வேலை. கை ஆடாது. நான் சமதளத்தில் ஓட்டுவேன். மேட்டைக் கண்டால் உள்ளங்கை வியர்த்துவிடும்.

"ஓட்டுறவங்க கண்ண மூடக் கூடாது. அதனால ஜெபம் உங்க இலாகா" என்று அவளே பிரித்துக் கொடுத்தாள். கிளம்பும்போதும், மோசமான பாதை வரும்போதும் பக்கத்து சீட்டில் இருப்பவர் ஜெபிக்க வேண்டும். ஸ்டியரிங் பிடித்தவர் கண்ணைத் திறந்தபடி ஆமென் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம் அது.

ஒருமுறை மணல்மேட்டில் அச்சு வரை புதைந்தோம். ஞாயிற்றுக்கிழமை. மகள் கைக்குழந்தை. அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் உருகி உருகி ஜெபித்துக்கொண்டிருந்தேன். மனைவி சாப்பாட்டுத் தட்டால் சக்கரத்தடியில் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பாதியில் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஆண்டவருக்கு விஷயம் புரிஞ்சிருக்கும். இறங்கித் தள்ளுங்க."

தள்ளினேன். வண்டி ஏறியது. அங்கேயே உட்கார்ந்து பைபிளைத் திறந்து ஒரு சங்கீதம் வாசித்தோம். அந்த பைபிளின் பக்கங்களுக்கு நடுவில் இப்போதும் மணல் இருக்கிறது.

அவள் போன பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. ஆண்டவர் மேல் கோபம் என்று இல்லை. வாயைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

பக்கத்து சீட்டில் மகள் ஏறினாள். பின்னால் இரண்டு பைகளுக்கு நடுவில் அக்கா. நான் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்காவே ஜெபத்தைத் தொடங்கி, மிஷனரிகள் வரை எல்லோருக்காகவும் வேண்டி, முடித்தார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "பின்சீட்டு ஜெபம் செல்லாது பெரியம்மா."

"யாருடி சொன்னா?"

"அம்மா."

"அப்ப நீ பண்ணு."

"இது அப்பா சீட்டு. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

அவள் ஜெபிக்கவில்லை. நானும் ஜெபிக்கவில்லை. கிளம்பினோம்.

மலைப்பாதை குறுகல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வளைவிலும் அக்கா "இயேசுவே" என்றார்.

"தம்பி, எனக்கும் பரலோகம் போக ஆசைதான். ஆனா இன்னைக்கு வேணாம்பா."

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாதை தண்ணீரில் மறைந்துவிட்டது. மேலிருந்து வந்த ஓடை ரோட்டைக் குறுக்கே கடந்து பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. கலங்கல் தண்ணீர். ஆழம் தெரியவில்லை. வண்டியை நிறுத்தினேன். உள்ளங்கை நனைந்திருந்தது.

"திருப்பிடு தம்பி" என்றார் அக்கா.

திருப்ப இடம் இல்லை. வந்த வளைவுகளில் பின்னோக்கி ஓட்ட என்னால் முடியாது. இந்த மாதிரி இடத்தில் மனைவி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். நான் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். அவள் எப்படி ஆழம் பார்த்தாள் என்பதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க இறங்கிப் பாருங்க. நான் ஜெபம் பண்றேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். குளிர் எலும்பில் ஏறியது. "ஐயோ!" என்று கத்திவிட்டேன். வண்டிக்குள் மகள் சிரித்தாள். நான் கத்தியும் அவள் சிரித்தும் ரொம்ப நாளாகியிருந்தது. காலால் தடவித் தடவி மறுகரை வரை போனேன். தண்ணீர் முழங்காலைத் தொடவில்லை. பாறை ஓரம் தரை கெட்டியாக இருந்தது. பள்ளத்துப் பக்கம் கல் உருண்டது. திரும்பி வந்து ஏறினேன்.

மகள் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. ஆனா பெரியம்மா பயப்படற அளவுக்கு மோசமில்ல. அந்தப் பக்கம் விட்டுடுங்க. ஆமென்."

"ஆமென்" என்றேன். கண் திறந்தேயிருந்தது.

முதல் கியரில், பாறையை ஒட்டி, நிறுத்தாமல் ஓட்டினேன். நடுவில் வண்டி ஒருமுறை பக்கவாட்டில் இழுத்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஏறியதும் அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார். அடியா தட்டிக்கொடுத்ததா தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போய் ரொட்டி சாப்பிட நிறுத்தினோம்.

"அக்கா, லீவு முடிஞ்சதும் நான் வந்து இவளக் கூட்டிட்டுப் போயிடுறேன். இவ என்கூட இருக்கட்டும்."

மகள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"வேலைக்கும் போயிட்டு எப்படிப்பா பாத்துப்ப?"

"தெரியலக்கா. ஒவ்வொண்ணா இறங்கித்தான் பாக்கணும்."

அக்கா கையிலிருந்த ரொட்டித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் தங்கச்சி கடைசியா எதுவும் சொன்னாளா? புள்ள யார்கிட்ட வளரணும்னு?"

அவள் கடைசியாகச் சொன்னதைச் சபையிலும் பலர் கேட்டார்கள். ஒரு பைபிள் வசனத்தை எதிர்பார்த்தார்கள். நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை அவள் கட்டிலோடு நடந்தேன். அதற்குப் பிறகு அவள் கண் விழிக்கவில்லை.

"அப்படி எதுவும் சொல்லலக்கா."

"பின்ன என்னதான் சொன்னா?"

மகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"வண்டிய நிழல்ல நிறுத்துங்க. சீட்டு சுட்டா பாப்பா ஏற மாட்டா."