நீதிபதி மிரபெல்லின் பங்காளி

என் வீட்டுக்காரர் கபிரியேலுக்கு மனிதர்கள் சொன்னால் காது கேட்காது, முத்திரை குத்திய காகிதம் சொன்னால்தான் கேட்கும். பாரிஸில் வரி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவர் வேறெப்படி இருப்பார்? ஓய்வு பெற்றதும் அந்தப் புத்தியை எங்கள் வம்சத்தின் பக்கம் திருப்பினார். புதுச்சேரிப் பங்குக் கோயில்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். வந்த ஞானஸ்நானப் பதிவு, வரிப் பதிவு நகல்களை வைத்து ஒரு வம்ச மரம் வரைந்து கூடத்தில் மாட்டினார். அதன் உச்சியில் நீதிபதி சவரிநாதர் மிரபெல். எங்கள் குடும்பப் பெயரும் மிரபெல்தான். நீதிபதி தன் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன் என்று இவர் சொல்லாத ஆள் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலில் கிடையாது.

எண்பத்து மூன்றில் ஒருநாள் அங்கே குகதாசன் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது லாசரைக் கண்டுபிடித்தார். சனிக்கிழமைதோறும் புறநகரான கார்ஜ் லே கொனெஸ்ஸிலிருந்து ரயிலேறி வருகிறவர். அவரும் மிரபெல், நீதிபதியின் சொந்தக் கொள்ளுப்பேரன். அன்றிலிருந்து இவர் அவருக்கு அண்ணன், அவர் இவருக்குத் தம்பி. இரண்டு வீடும் ஒன்றாகச் சாப்பிட்டோம், ஒன்றாகப் பூசைக்குப் போனோம். எங்கள் மகள் செசிலும் லாசரின் மகன் ழான்-லூக்கும் ஒன்றாகச் சினிமாவுக்குப் போனது மட்டும் எங்களுக்குத் தெரியாது.

எண்பத்தெட்டு ஜனவரியில் செசில் விஷயத்தைச் சொன்னபோது இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் என்ற பேச்சே கூடாது என்றார். பிரான்சில் மார்த்தேன் என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் எத்தனையோ பேர் இன்னொரு மார்த்தேனைக் கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறார்கள் என்று அவள் பிரெஞ்சில் கத்தினாள். இவர் சுவரிலிருந்த மரத்தைக் காட்டினார். லாசரும் அண்ணன் சொன்னால் சரி என்று ஒதுங்கிக்கொண்டார். பெண் மூன்று வாரம் அழுதாள். எனக்கு அந்த மரத்தை அடுப்பில் வைக்கலாம் போலிருந்தது.

மரத்தில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது, இவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர். அதற்கான உறை ஊரிலிருந்து ஒரு திங்கட்கிழமை வந்தது. ஜன்னலோரம் நின்று படித்தார். முகம் செத்துப்போயிற்று. உறையைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பொதுவாகக் கடிதம் வந்தால் மாடிப்படியில் எதிர்ப்பட்டவருக்கெல்லாம் படித்துக் காட்டுகிற மனிதர் இவர்.

மறுநாள் கோட்டைத் துடைக்கிற சாக்கில் எடுத்துப் பார்த்தேன். பார்த்தது தப்புதான், ஆனால் மறுபடியும் பார்ப்பேன். ஞானஸ்நானப் பதிவில் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் யாரோ ஓர் அந்தோணி. நீதிபதியின் தகப்பனும் இல்லை, அந்த ஊரும் இல்லை. வரிப் பதிவில், ‘நீதிபதி வீட்டு வண்டிக்காரர், நிலம் இல்லை, வரி இல்லை.’ மூன்றாவது காகிதம் 1882இல் எழுதியது. பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறுகிறவர்கள் ஒரு குடும்பப் பெயரைப் பதியலாம் என்று வந்த காலம். எஜமானரின் சம்மதத்தோடு வண்டிக்காரர் அவர் பெயரையே எடுத்துக்கொண்டிருந்தார்.

பங்காளியும் இல்லை, ஒன்றும் இல்லை. என் பெண் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். இவர் வாயைத் திறந்தால் நீதிபதி போய்விடுவார், திறக்காவிட்டால் செசிலின் வாழ்க்கை போய்விடும். காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஞாயிறு மத்தியானம்வரை பார்ப்பது, அப்புறம் நானே சத்தம் போட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஐந்து நாள் நான் வாயைக் கட்டியிருந்தது கின்னஸில் சேர வேண்டிய விஷயம்.

சனிக்கிழமை காலை லாசர் வீட்டுக்கு இவரே போன் போட்டு, மறுநாள் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். எல்லோரும் உட்கார்ந்ததும் டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். மூன்று காகிதத்தையும் ஒவ்வொன்றாகப் படித்து, மேசைமேல் லாசர் பக்கமாகத் திருப்பி வைத்தார். வரி நோட்டீஸ் வாசிக்கிற அதே குரல்.

“நாம பங்காளி இல்ல. எங்க கொள்ளுத்தாத்தா உங்க வீட்டுல வண்டி ஓட்டினவரு. இத்தனை வருஷம் தெரியாம பெருமை பேசிட்டேன். எங்க பொண்ண உங்க வீட்டுக்குத் தர எனக்கு இப்ப தடையில்ல. எடுக்கறது உங்க இஷ்டம்.”

செசில் ழான்-லூக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். லாசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூன்று காகிதத்தையும் நிதானமாக முதலிலிருந்து படித்தார். பிறகு எழுந்தார்.

“இனிமே உங்கள அண்ணேன்னு கூப்பிட முடியாது” என்றார்.

இவர் தலை குனிந்தது. என் புருஷன் யார் முன்னாலும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை.

லாசர் மேசையைச் சுற்றி வந்து இவரைக் கட்டிக்கொண்டார். “சம்பந்தி, சோறு ஆறுது. உக்காருங்க.”

தமிழில் பாதி புரியாத செசில், என்ன முடிவாயிற்று என்று பிரெஞ்சில் கேட்டாள். இவர் அழுதுகொண்டிருந்தார். நான்தான் அவளிடம் கல்யாணத் தேதியைப் பார்க்கச் சொன்னேன்.