நெமேசியோவைக் கண்டுபிடித்த மெழுகுவர்த்தி

நெமேசியோ அரிராமாவின் பிணத்தைத் தேடி சான் சிரீலோ ஊர்க்காரர்கள் மராஞோன் ஆற்றில் விட்ட மெழுகுவர்த்தி, நெமேசியோ உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த கப்பலின் அருகே வந்து நின்றது. ஆற்றின் இழுப்பு பலமாக இருந்த மாதம் அது. மரக்கட்டைகளும் புல்திட்டுகளும் நங்கூரமிட்டிருந்த கப்பலைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தன. மெழுகுவர்த்தியைச் சுமந்த பாதிச் சுரைக்குடுக்கை மட்டும் சாப்பாட்டு அறையின் சன்னலுக்குக் கீழே, ஆணி அடித்ததுபோல அசையாமல் நின்றது. அதைத் தொடர்ந்து ஓடங்களில் வந்தவர்கள் துடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். நெமேசியோ கையில் காப்பிக் கோப்பையோடு கீழே பார்த்தான்.

அந்த ஆற்றில் மூழ்கியவர்களைத் தேட வேறு வழி கிடையாது. தண்ணீர் பால் விட்ட காப்பி நிறம். கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. ஆகவே மூழ்கியவனின் ஓடம் கவிழ்ந்து கிடந்த இடத்திலிருந்து, அவனுக்கு மிக நெருங்கிய உறவு ஒரு குடுக்கையில் மெழுகுவர்த்தி ஏற்றி விடும். அது நீரோட்டத்தோடு போகும், சில சமயம் நீரோட்டத்தை எதிர்த்தும் போகும், மூழ்கியவன் கிடக்கும் இடத்தில் நிற்கும். ஆழம் குறைவென்றால் முங்கி எடுப்பார்கள். எடுக்க முடியாத இடமென்றால் நேரெதிரே கரையில் ஒரு சிலுவை நட்டு, அதையே கல்லறையாக வைத்துக்கொள்வார்கள். நவுத்தாவிலிருந்து மேலே வரும் எவரும் அந்தச் சிலுவைகளைப் பார்த்திருப்பார்கள். அவற்றில் ஒன்று, வளைவில் நின்ற பெரிய கப்பிரோனா மரத்தடியில் இருந்தது, நெமேசியோவின் மகள் டெல்மிராவுடையது. துணி துவைக்கும் பலகையிலிருந்து வழுக்கி விழுந்தபோது அவளுக்கு ஆறு வயது. அவளுக்கான மெழுகுவர்த்தியை அவள் தாய் ஓடிலா ஏற்றிவிட்டாள். இப்போது கணவனுக்கானதையும் அவள்தான் ஏற்றியிருந்தாள்.

நெமேசியோ மூழ்கவில்லை என்பதில் சந்தேகமில்லை. வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு நவுத்தாச் சந்தைக்குப் போகும் வழியில் சூறைக்காற்று அவன் ஓடத்தைக் கவிழ்த்தது. ஒரு தாரைப் பிடித்துக்கொண்டு மிதந்தவனை ‘பாசியென்சியா’ என்ற வெள்ளைக் கப்பல் தூக்கிக்கொண்டது. காட்டையும் விலங்குகளையும் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஆறு முழுக்கச் சுற்றும் சிறிய கப்பல் அது. விலங்கு காட்டுகிறவர் காய்ச்சலில் விழுந்து நவுத்தாவிலேயே தங்கிவிட்டார். கேப்டன் லிஸார்தோ ஈரம் சொட்ட நின்றவனிடம், குரங்குக்கும் காய்ந்த கிளைக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான். ஊரில் நெமேசியோ பேசினால் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். இங்கே அவன் ஒரு விரலை நீட்டினால் ஒரு படகு நிறைய மனிதர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தத் திசையில் திரும்பினார்கள். இரண்டாம் நாள் மாலை கப்பல் சான் சிரீலோவைத் தாண்டியது. அவன் மறுபக்கத் தளத்தில் நின்று முதலைகளின் கண்களைக் காட்டிக்கொண்டிருந்தான். ஊரின் விளக்குகளைப் பார்க்கத்தான் செய்தான். திரும்பி வரும்போது இறங்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

அன்று காலை ஓடத்திலிருந்தவர்களைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது.

“ஓடிலா, நான் இங்கதான் இருக்கேன்,” என்றான்.

“தெரியுது. மெழுகுவர்த்தி நின்னுடுச்சே,” என்றாள் ஓடிலா.

குடுக்கை விடுவதில் ஊருக்கு மூத்தவரான தோன் தெயோஃபிலோ தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். பிறகு அவர்கள் எதிர்க்கரைக்குப் போய், கொண்டுவந்திருந்த சிலுவையை நட்டார்கள். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போவது வழக்கமில்லை. கப்பலில் இருந்தவர்கள் அதைப் படம் எடுத்தார்கள்.

நெமேசியோ அன்று மதியமே ஊருக்குப் போனான். யாரும் அவனை விரட்டவில்லை. நல்ல நாற்காலி போட்டார்கள். இலையில் கட்டி அவித்த கோழிச்சோறு கொடுத்தார்கள். ஆனால் அவன் உட்கார்ந்த பக்கம் குழந்தைகளை விடவில்லை, அவன் குடித்த கிண்ணத்தைத் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். கம்பாத்ரே என்று அவன் கூப்பிடும் நெருங்கிய நண்பன் ஒருவன், இரண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ இரவு மீன் பிடித்தவன், மரியாதையாக, “அங்க கீழ குளிரா இருக்குமா?” என்று கேட்டான். நெமேசியோ அவன் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினான். துடிக்கிறதுதான், என்று கம்பாத்ரே ஒப்புக்கொண்டான். ஆனால் மெழுகுவர்த்தியும் எரியத்தானே செய்கிறது என்றான். கரையோரம், ஓடங்கள் கட்டும் இடத்தில், அது எரிந்துகொண்டிருந்தது. கப்பலை விட்டுவிட்டு அவன் பின்னாலேயே வந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு நெமேசியோ மனைவியிடம் அது தவறிவிட்டது என்றான். காற்றில் வந்திருக்கும், சுழலில் மாட்டியிருக்கும், மனிதர்கள் விட்ட விளக்குதானே என்றான். ஓடிலா அடுப்பிலிருந்த வாழைக்காயைத் திருப்பிப் போட்டாள். கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். மகளுக்காகப் போட்டதை அப்போதுதான் கழற்றி ஒரு வருடம் ஆகியிருந்தது.

“இது தப்பா நின்னுதுன்னா, அதுவும் தப்பாத்தானே நின்னிருக்கும்,” என்றாள். “அப்ப என் புள்ள எங்க கிடக்குறா? சொல்லு. நீ சொன்னா நான் கேட்டுக்குறேன்.”

அந்தக் கப்பிரோனா மரத்தடியில் நெமேசியோவும் உட்கார்ந்திருக்கிறான். சிவந்த அடிமரத்தில் முதுகைச் சாய்த்து, இதோ இந்த இடத்தில்தான் இருக்கிறாள் என்று தண்ணீரைப் பார்த்தபடி பகல் முழுக்க இருந்திருக்கிறான். அவன் உயிரோடிருப்பதாக அந்த ஊர் ஒப்புக்கொண்டால் கரையிலுள்ள எந்தச் சிலுவைக்குக் கீழும் யாரும் இல்லை என்றாகிவிடும். சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தைத் தானே கவிழ்த்து வைத்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினான்.

மறுநாள் காலை முதல் விலங்குகள் அவனைக் கண்டு பயப்படுவதை நிறுத்தின. மனிதச் சத்தம் கேட்டாலே புதருக்குள் மோதி விழுந்து ஓடும் ஷான்ஷோ பறவைகள் அவன் படகு முட்டும் வரை கிளையில் உட்கார்ந்திருந்தன. கிளையில் தொங்கியே வாழும் ஸ்லாத் ஒன்று மரத்திலிருந்து, அதற்கே உரிய நிதானத்தில், ஒரு காலைப்பொழுது முழுக்கச் செலவிட்டு இறங்கி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. அணில் குரங்குகள் அவன் பையில் கைவிட்டன. முதலைகள் அவனுடைய நிழலில் படுத்தன. உயிரில்லாதவனிடம் பயப்பட விலங்குகளுக்கு ஒன்றுமில்லை என்று ஊரில் சொன்னார்கள். கப்பல் முதலாளிகளுக்கு வேறு கவலை. அவனைப் போன்ற ஆள் அந்த ஆற்றிலேயே இல்லை என்று அவனுக்குத் தனி அறையும் பெயர் தைத்த சட்டையும் கொடுத்தார்கள்.

கேப்டன் லிஸார்தோவுக்கு மெழுகுவர்த்திமேல் புகார் இருந்தது. “தம்பி, உன் விளக்கு என் பெயின்ட்டக் கரியாக்குது,” என்பார். ஆட்கள் கழியால் தள்ளிப் பார்த்தார்கள், வாளித் தண்ணீர் ஊற்றினார்கள், ஒருமுறை பெட்ரோல் படகில் இழுத்துக்கொண்டு போய் பக்காயா கிளையாற்றில் விட்டுவிட்டும் வந்தார்கள். சாப்பாட்டு மணி அடிக்கும் முன் அது நெமேசியோவின் அறைக்குக் கீழே வந்து நின்றது. பிறகு கேப்டன் கப்பலின் அந்தப் பக்கத்துக்குக் கறுப்பு பெயின்ட்டே அடித்துவிட்டார்.

வருடங்கள் இப்படிப் போயின. ஒவ்வொரு வாரமும் புதிய முகங்கள் ஏறின, ஒவ்வொரு வாரமும் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு இறங்கின. எந்த முகமும் இரண்டாம் முறை வரவில்லை. உலகத்தின் பல வீடுகளில் நெமேசியோவின் வலது கை இருக்கிறது. பஞ்சவர்ணக்கிளியின் பக்கத்தில், கேப்பிபாராவின் பக்கத்தில், படத்தின் ஓரத்தில் நீட்டிய ஒரு விரல். முழு ஆளாக அவன் எந்தப் படத்திலும் இல்லை. மழைக்காலத்தில் பயணிகள் குறைந்து சமையல்காரரும் ஊருக்குப் போய்விட்டால், தளத்தில் உட்கார்ந்து தன் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருப்பான். எதையாவது பயமுறுத்த வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருக்கும். ஒருநாள் கொக்குக் கூட்டத்துக்குள் கத்திக்கொண்டு ஓடினான். அவை கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தன.

இறந்தவர்களுக்குப் படைக்கும் நவம்பர் நாளில் மட்டும் கப்பலை சான் சிரீலோவுக்கு எதிரே நிறுத்தச் சொல்லுவான். ஓடிலா காலையில் மகளின் சிலுவைக்குப் போய்விட்டு, பிறகு ஓடத்தைக் கப்பல் பக்கம் கொண்டுவருவாள். சோற்றுப் பொட்டலத்தை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், குடுக்கையில் வைப்பாள். நெமேசியோ ஒரு கயிற்றில் கூடை கட்டி அதை மேலே எடுத்து, அவள் பார்க்கச் சாப்பிடுவான். பேசமாட்டார்கள். சிலுவை நட்டாகிவிட்டால் மூழ்கியவர்களிடம் ஓடத்திலிருந்து பேசக் கூடாது. பேசினால் வா என்று கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு வருடம் மட்டும் அவன் காற்றைப் பார்த்துச் சொல்வதுபோல, உப்பு குறைவு என்றான். அடுத்த வருடம் உப்பு சரியாக இருந்தது. அவள் கறுப்புச் சட்டையைக் கழற்றிவிட்டாள் என்பதை அவன் தெரிந்துகொண்டதும் அப்படித்தான், மேலிருந்து பார்த்து. இக்கீத்தோஸ் நகரத்து மரவியாபாரி ஒருவன் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினான் என்றும், தினம் பார்க்கிற கரையை விட்டு வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள் என்றும் சமையல்காரர் சொன்னார்.

பெருவெள்ளம் வந்த வருடம் ஆறு வளைவைத் தின்றது. எங்கள் ஆறு அப்படித்தான், ஒரு பக்கம் தின்று மறுபக்கம் துப்பும். ஒரு மதியம் கப்பிரோனா மரம், நின்றபடியே, கரையோடு சேர்ந்து தண்ணீருக்குள் நடந்து போனது. சிலுவையும் போனது. மறுநாள் ஓடிலா நவம்பருக்காகக் காத்திருக்காமல், வெள்ளத்தின் குறுக்கே துடுப்புப் போட்டு, கப்பல் ஒதுங்கியிருந்த இடத்துக்கு வந்தாள். வந்து பேசினாள்.

“வேற ஏத்திப் பாத்தேன். ஏத்த ஏத்த அணைஞ்சு போவுது. அவ செத்து ரொம்ப நாளாச்சு, புது விளக்குக்கு அவளைத் தெரியலன்னு தோன் தெயோஃபிலோ சொல்றாரு. உன்னுது பழசு. கொஞ்சம் குடு.”

“எடுத்துக்க.”

ஓடிலா குடுக்கையைத் தள்ளினாள். அது சுற்றிக்கொண்டு திரும்பி அவன் அறைக்குக் கீழே வந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது.

“இது உன்ன விட்டு வராது,” என்றாள். கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். “நீ கூப்பிட்டு நான் வரக் கூடாது. நான் கூப்பிட்டு நீ வரக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஏறு.”

நெமேசியோ பெயர் தைத்த சட்டையோடே ஓடத்தில் இறங்கினான். அவன் உட்கார்ந்ததும், அத்தனை வருடம் அவன் பின்னாலேயே வந்த மெழுகுவர்த்தி முதல் முறையாக அவனுக்கு முன்னால் போனது. இடிந்த வளைவில் ஒரு முறை சுற்றியது, நிற்கவில்லை. மூழ்கிய மரவள்ளித் தோட்டங்களின் மேலாக, பள்ளிக்கூடத்தின் கூரையைச் சுற்றி, சான் சிரீலோவின் நடுத்தெருவில் நுழைந்தது. தெரு அப்போது ஆறாக இருந்தது. மக்கள் தூண்கள்மேல் நின்ற தங்கள் வீடுகளின் தரைப்பலகையில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி பார்த்தார்கள். மெழுகுவர்த்தி ஓடிலாவின் வீட்டுக்கு வந்து, தூண்களுக்கு நடுவே புகுந்து, அடுப்பு இருக்கும் இடத்துக்கு நேர்கீழே நின்றது.

ஓடிலா துடுப்பை ஓடத்தில் வைத்தாள். “வீட்டுக்கு வந்துட்டா,” என்றாள். பிறகு படியில் ஏறி, அடுப்பு மூட்டி, மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.

வெள்ளம் வடிந்தபோது குடுக்கை மெதுவாகக் கீழிறங்கி வண்டல்மேல் உட்கார்ந்தது, எரிந்தபடியே. தோன் தெயோஃபிலோ வந்து அந்த இடத்தில் ஒரு சிறிய சிலுவை நட்டார். மெழுகுவர்த்தி யாரைக் காட்டுகிறது, மகளையா தகப்பனையா என்று சிலர் கேட்டதற்கு, இரண்டு பேரும் இங்கேதானே இருக்கிறார்கள், இதில் என்ன குழப்பம் என்று சொல்லிவிட்டார். பாசியென்சியா சில நாள் காத்திருந்துவிட்டு வேறு ஆளை ஏற்றிக்கொண்டது.

நெமேசியோ அங்கேயே இருந்தான். ஊரார் அவன் பெயரைச் சொல்வதில்லை. மூழ்கியவர்கள் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. கோழிகள் அவனுக்கு வழிவிடுவதில்லை, நாய்கள் அவனைப் பார்த்துக் குரைப்பதில்லை. ஓடிலா இன்னும் விதவைதான். விதவைகளுக்கு ஊர் கொடுக்கும் மீன் பங்கை இன்றும் வாங்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரிகள் தண்ணீர் எடுக்க வரும்போது, “அக்கா, மறைஞ்சவரு எப்படி இருக்காரு?” என்பார்கள். “இருமல்தான் விடல,” என்பாள்.

கிராமக் கூட்டம் அவனைப் பற்றி ஒரே ஒருமுறை பேசியது, அதுவும் ஏரியில் மீன் பிடிப்பது பற்றி. மீன்கள் அவனைக் கண்டு விலகாததால் அவன் வலை வீசினால் மற்றவர்களுக்கு நியாயமில்லை என்று கம்பாத்ரே எழுந்து சொன்னான். எல்லோரும் கை தூக்கினார்கள், ஓடிலாவும். அன்று முதல் நெமேசியோ வலை இல்லாமல்தான் ஏரிக்குப் போகிறான். ஓடிலா வலை வீசும்போது, மற்றவர்களைக் கண்டு ஓடுவதுபோல அவளைக் கண்டும் மீன்கள் மிரண்டு ஓடட்டும் என்று, ஓடத்தின் மறுமுனையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.