முப்பதாம் தேதிக்குள் மூன்று பவுன்

1.

“அப்பா, என் நகைய மீட்டுக் குடுங்க.”

இந்த மாதக் குறிப்பு பிறந்தது இந்த வாக்கியத்திலிருந்துதான். கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்த வாக்கியம். கேட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காதாம். கேட்டேன். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார்.

மாதக் கடைசியில் வழக்கமாக உங்களுக்கு மூன்று எழுதுவேன்: படித்தது, பணத்துக்கு ஒரு யோசனை, மனசில் ஓடியது. நூற்றுப் பதினான்கு பேர் படிக்கிறீர்கள். இந்த மாதம் மூன்றும் ஒன்றாகிவிட்டதால் கதையாக எழுதிப் பார்க்கிறேன். கதை என்றால் அப்பாவைக் கெட்டவராக்கிவிடலாம், அல்லது—

2. படித்தது

கூட்டுறவுச் சங்கத்தின் ஏல அறிவிப்பு. ஒரு பக்கம். மூன்று தடவை படித்தேன். கடன்தாரர்: ஆஷ்லின், தந்தை பெயர் சவரிராஜ். நகை மூன்று பவுன். முப்பதாம் தேதிக்குள் கட்டாவிட்டால் ஏலம்.

(நூலகத்தில் எடுத்த நாவல் நாற்பதாம் பக்கத்தில் நிற்கிறது. அதில் வருகிறவளுக்குக் காதல்தான் பிரச்சினை. கொடுத்துவைத்தவள்.)

மன்னார்குடியில் ஒரு துணிக்கடையில் மூன்று வருஷம் பில் போட்டு, சீட்டுக் கட்டி வாங்கிய நகை அது. போன வருஷம் சாகுபடிச் செலவுக்கு அப்பா கேட்டார். சங்கத்தில் என் பேரில் அடகு வைத்தோம். “அடுத்தவர் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்” என்று ஜூன் மாதம் உங்களுக்கு யோசனை சொன்னேனே, அப்போதே என் கையெழுத்து சங்கத்தில் இருந்தது. மன்னியுங்கள். மன்னிக்காவிட்டாலும் சரி.

3.

முதலில் எழுதிய தொடக்கம்: “நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, பச்சை வயல்களுக்கு நடுவே, ஓர் ஏழை விவசாயி—”

அடித்துவிட்டேன். ஏழை என்று எழுதினால் உங்களுக்கு வேலை சுலபமாகிவிடும். குறுவை நெல்லுக்கான பணம் அப்பா கணக்கில் ஏறிவிட்டது. வங்கியிலிருந்து வந்த செய்தியை அவருக்குப் படித்துக் காட்டியதே நான்தான். பணம் இருக்கிறது. மீட்கமாட்டார். தேர்தல் வருகிறது.

“இன்னிக்கு நான் கட்டுவேன், நாளைக்குக் கடன் தள்ளுபடிம்பான். அப்ப யாரு இளிச்சவாயன்?”

“முப்பதாந்தேதி கடைசிப்பா.”

“ஊருக்கே நோட்டீசு வந்துருக்கு. எவன் கட்டுனான்?”

அவங்க வீட்டில் யாரும் திருச்சியில் பி.எட். சேரவில்லை என்றேன். நகையை விற்றுத்தான் ஃபீஸ் கட்டுவதாக இருந்தேன், அதற்கும் அதே முப்பதுதான் கடைசி. இது அவருக்குத் தெரியும். ஏலமெல்லாம் சும்மா மிரட்டல், படிப்பு அடுத்த வருஷமும் இருக்கும் என்றார். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். அடுத்த வருஷம் என்பது எங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

4.

இந்த இடத்தில் அவர் கெட்டவராக வேண்டும். ஆகமாட்டேன் என்கிறார்.

போன தள்ளுபடியின்போது, அறிவிப்புக்கு இருபது நாள் முன்னால் வட்டியும் முதலுமாகக் கட்டி நகையை மீட்டவர் அப்பா ஒருத்தர்தான். கட்டாதவர்களுக்கெல்லாம் நகை சும்மா வந்தது. டீக்கடையில் “கவர்மெண்டுக்கே கடன் குடுத்த சவரி” என்று பேர் வைத்தார்கள். அன்றிலிருந்து டீ குடிக்க அடுத்த ஊருக்கு சைக்கிள் மிதிக்கிறார்.

இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் என் கோபம் சுத்தமாக இருக்கும். இரண்டு தடவை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

5. முடிவுகள்

அ) அப்பா மனசு மாறி மீட்கிறார். (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.)

ஆ) இருபத்தொன்பதாம் தேதி தள்ளுபடி. ஊரில் வெடி. அப்பா தெருவில் நிமிர்ந்து—

இ) கீழே.

6. பணத்துக்கு ஒரு யோசனை

பஸ்ஸின் முதுகில் பார்த்திருப்பீர்கள்: அடகு நகையை மீட்டு அன்றைய விலைக்கே வாங்குகிறோம். அந்த நம்பருக்குப் பேசினேன். தங்கம் ஏறிக் கிடக்கிறது. கடனும் வட்டியும் கமிஷனும் போக மிச்சத்தில் ஒரு வருஷ ஃபீஸும் ஹாஸ்டலும் அடங்கும். ரசீது என் பேரில் இருக்கிறது, அப்பா கையெழுத்து வேண்டாம்.

தள்ளுபடி வந்தால் எங்களுக்கு மட்டும் இருக்காது. அப்பனும் மகளும் ஒரே மாதிரி என்று டீக்கடை சிரிக்கும். அடுத்த ஊருக்கும் அது போய்ச் சேரும். அவருக்கு நான் செய்யப்போவது இதுதான். தெரிந்தே செய்கிறேன்.

7.

இன்று இருபத்தெட்டு. பத்து மணிக்குச் சங்கம் திறக்கும், நகை வாங்கும் ஆளும் வந்துவிடுவார். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ரசீதை எடுத்ததை அம்மா பார்த்தாள்.

“கழுத்துல என்னத்தப் போட்டு ஒன்ன அனுப்புவேன்?” என்றாள்.

“ஒண்ணும் போட வேணாம்மா.”

அடுப்பை அணைத்தாள்.

தள்ளுபடி வந்ததா என்று நீங்கள் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். வந்திருந்தால் என்னை முட்டாளாகவும், வராவிட்டால் கெட்டிக்காரியாகவும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நான் காத்திருக்கப் போவதில்லை.

இந்த வரியை பஸ் நிறுத்தத்தில் நின்று தட்டுகிறேன். வரும் வழியில், சம்பா நாற்றங்காலில் நின்ற அப்பா, நான் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று நினைத்துக் கை காட்டினார்.

நானும் காட்டினேன்.