மறு அளவீடு

ஸ்பூன் தண்ணீரை அப்பாவின் உதட்டோரம் சாய்த்தபடியே ஸ்ரீமதி இடது கையிலிருந்த போனைப் பார்த்தாள். சிக்னல் இல்லை. விடிந்ததிலிருந்து எத்தனையாவது தடவையோ.

"வந்துச்சா அம்மிணி?" என்றார் கருணாகரன். குரலில் காற்றுதான் அதிகம்.

"இன்னும் இல்லீங்கப்பா."

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் முப்பது வருஷம் அமிலம் அளந்தவர். ஓய்வுபெற்று சோலூரில் குடியேறிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மகளின் ஆராய்ச்சி முழுக்க இரண்டு கற்களைப் பற்றியது. ஒரே எரிமலைத் தீவில், கூப்பிடு தூரத்தில் எடுத்தவை. ஆனால் அவற்றிலிருந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் தீவுக்கு அடியில், பூமியின் மேலோட்டுக்குக் கீழேயுள்ள கவசத்தில், கோடிக்கணக்கான வருஷங்களாக ஒன்றோடொன்று கலக்காத பகுதிகள் இருக்கின்றன. போன மாதம் அவள் போனில் துள்ளிக்கொண்டு சொன்னபோது அவர் கேட்டார்:

"மறுபடி அளந்தியா கண்ணு? குப்பியில அழுக்கிருந்தாலும் நம்பர் மாறும்."

"எம்மேல நம்பிக்கையே இல்லீங்களா?" என்று போனை வைத்தவள் பத்து நாள் பேசவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதென்று அம்மா கூப்பிட்ட பிறகுதான், இரண்டு கல்லையும் புதிதாகக் கரைத்து, கூட வேலை செய்யும் ஷைனாவிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினாள். இன்று மறு அளவின் முடிவு தெரியும்.

ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள்.

"ஒரு எடத்துல உக்காரு அம்மிணி," என்றாள் அம்மா ஜானகியம்மாள்.

"மேட்டுக்குப் போனா சிக்னல் கெடைக்கும்..."

"போய்க் கேட்டுட்டு வா," என்றார் அப்பா.

கோஸ் தோட்டத்து வரப்பில் செருப்பு வழுக்க வழுக்க ஓடினாள். மேட்டில் மூன்றாவது தடவை அழைத்தபோது ஷைனா கத்தினாள்: "அதே நம்பர்தான்டி! ரெண்டும் வேற வேற. குப்பியத் தனியா சோதிச்சாச்சு, சுத்தமா இருக்கு!"

திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு பிலோமி வாசலில் நின்றிருந்தாள். முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே, அம்மா அப்பாவின் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான்... வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுட்டே இருந்தாரு."

ஸ்ரீமதிக்கு இன்னும் மூச்சிரைத்தது. "அம்மா, ரெண்டாந்தடவையும்..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

பிலோமி குனிந்து, கட்டிலருகே எரிந்த ஹீட்டரை அணைத்தாள். கம்பி ஓரங்களில் முதலில் கறுத்தது. நடுவில் சிவப்பு கொஞ்ச நேரம் நின்றது.