கீழ்ப்பாதியும் மேல்பாதியும்

அண்ணியும் நானும் பேசி முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே ஆய்வறை. பேச்சு மட்டும் இல்லை. எது சொல்வதானாலும் அண்ணன் வழியாகத்தான் போய் வந்தது.

"உப்பு தீர்ந்துபோச்சுன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

"உப்பு தீர்ந்துபோச்சாம்" என்பான் அண்ணன், அவள் சொன்னது என் காதில் விழாத மாதிரி.

"தெரியும்னு சொல்லு."

"தெரியுமாம்."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கணிதத் துறைக் கட்டடத்து லிஃப்டையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். "நாள் பூரா ஆளுங்களை ஏத்தி இறக்கிட்டு வர்றேன், வீட்லயும் அதே வேலையா?" என்று அலுத்துக்கொள்வான். நாங்கள் இருவரும் சிரிக்கமாட்டோம்.

சண்டைக்குக் காரணம் துறை வாசலில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பு. எங்கள் தேற்றத்தைப் பற்றிய உரை. வெளியிலிருந்து தேர்வுக்குழு வந்து கேட்கும். மூன்று வருட ஆய்வுப் பணியிடம் ஒன்று காலியாக இருந்தது. உரையாற்றுபவருக்குத்தான் அது என்று எல்லோருக்கும் தெரியும். அறிவிப்பில் பேசுபவர் என்று அண்ணி பெயர் மட்டும் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக நின்று நானும் அதைப் படித்தேன்.

அந்தத் தேற்றம் இதுதான். கெட்டியும் மென்மையுமாக மாறி மாறி அடுக்கிய ஒரு தகடு. அதை வளைத்தால் எந்த வடிவத்தில் நிற்கும் என்பதை நேரியல் அல்லாத ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாடு சொல்லும். அடுக்குகள் மெலிந்து எண்ணிக்கை பெருகப் பெருக, அந்தச் சமன்பாடு கைக்கு அடங்காமல் போய்விடும். அதனால் அதை நேராகத் தொடமாட்டோம். தகடு தன் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் வடிவத்தில்தான் நிற்கும் என்பதால் ஆற்றலைப் பிடித்துக்கொள்வோம். அடுக்குகள் மெலிந்துகொண்டே போனால் அந்த ஆற்றல் எதில் போய் முடிகிறது என்று தெரிந்துவிட்டால் வடிவமும் தெரிந்துவிடும்.

இதில் இரண்டு பாதி வேலை. எப்படி நெருங்கினாலும் ஆற்றல் இந்த அளவுக்குக் கீழே போகாது என்று காட்டுவது கீழ்ப்பாதி. இதே அளவை எட்டுவதற்கு ஒரு வழியாவது உண்டு என்று அந்த வழியைக் கட்டிக்காட்டுவது மேல்பாதி. கீழ்ப்பாதி அண்ணியுடையது. மேல்பாதி என்னுடையது. ஒன்றில்லாமல் மற்றது செல்லாக்காசு.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கீழ்ப்பாதிதான் கணிதம். "மேல்பாதி வெறும் கைவேலைதானே" என்று ஒருமுறை சொன்னார். அந்தக் கைவேலை என் வாழ்க்கையில் ஒன்றேகால் வருடத்தைத் தின்றது.

ஆய்வறையில் அண்ணிக்கு ஒலிபெருக்கி என்று பெயர். எனக்குப் பூனை. எனக்குக் குரல் சின்னது, கூட்டத்தைக் கண்டால் உள்ளங்கை வேர்க்கும். ஆனால் சொல்ல எதுவுமில்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த உரையைக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு முணுமுணுத்துப் பழகியிருந்தேன். அறிவிப்பைப் பார்த்த அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் வந்து சொல்வாள் என்று காத்திருந்தேன். வந்தாள், செருப்பைக் கழற்றினாள், என் முகத்தைப் பார்க்காமல் அறைக்குள் போனாள். அவளுக்கு என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் ஆய்வறையில் என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன்.

கட்டுரையை மட்டும் நிறுத்த முடியாது. ஆளுக்கொரு பாதியைத் தனித்தனியாக எழுதினோம். இரண்டு வாரத்துக்கு முன்பு சாப்பிடும்போது அண்ணி கேட்டாள்.

"ஏங்க, சப்சீக்வென்ஸ் எடுத்தாச்சான்னு கேளுங்க."

அண்ணன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பினான். "சப்சீக்வென்ஸ் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுன்னு சொல்லு."

"எடுத்தாச்சாம். எங்க வெச்சிருக்கான்னும் கேக்கணுமா?"

அண்ணி ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

முடிவில்லாத ஒரு தொடர்வரிசை மொத்தமாக ஒழுங்குக்கு வராது. அதிலிருந்து சொன்னபடி கேட்கும் உறுப்புகளை மட்டும், அவையும் முடிவில்லாமல் இருக்கும்படி, பொறுக்கிக்கொள்வோம். அதுதான் சப்சீக்வென்ஸ், துணைத் தொடர்வரிசை. பொறுக்கிய பிறகு அதற்குப் புதுக் குறியீடு கொடுக்கச் சோம்பல். 'குறியீட்டை மாற்றவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போவோம். எங்கள் துறையில் எல்லோரும் செய்வதுதான்.

திங்கட்கிழமை காலை உரை. ஞாயிறு மாலைக்குள் இரண்டு பாதிகளையும் ஒன்றாக்கி அனுப்பச் சொல்லியிருந்தார் பேராசிரியர். கைவேலை என்பதால் அது என் தலையில் விழுந்தது. மதியம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணி உரையைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மேல்பாதி அவள் வாயிலிருந்து வந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பக்கங்களை என் பக்கங்களோடு சேர்த்தேன்.

அவளுடைய மூன்றாம் பக்கத்தில் என் கை நின்றது.

கெட்டியும் மென்மையும் ஜோடி ஜோடியாக வர வேண்டும் என்பதற்காக அவள் அடுக்குகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும் தகடுகளை மட்டும் பொறுக்கியிருந்தாள். நான் பொறுக்கியது ஒற்றைப்படை. அப்போதுதான் இரண்டு ஓரத்திலும் கெட்டி அடுக்கு வரும், என் கட்டுமானம் நிற்கும். இருவரும் குறியீட்டை மாற்றவில்லை. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. உண்மையில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு தகடுகூட இல்லை. அவள் ஒன்றுக்குத் தரை போட்டிருந்தாள், நான் வேறொன்றுக்குக் கூரை.

நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. நாளைக்கு எவராவது கேட்கட்டும், அவள் முழிக்கட்டும். அடுத்த நிமிடம், விழப்போவதில் பாதி என்னுடையது என்று உறைத்தது.

"அண்ணா, எந்த சப்சீக்வென்ஸ்னு கேளு."

அவன் சோப்புக் கையோடு கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "எந்த சப்சீக்வென்ஸ்?"

"என்னவாம் இப்போ?"

"இரட்டைப்படையான்னு கேளு."

"இரட்டைப்படையா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"எனக்கு ஒற்றைப்படைன்னு சொல்லு."

"அவளுக்கு ஒற்றை..." அண்ணன் முடிப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது.

அண்ணி நேராக என் முன்னால் வந்து நின்றாள். "என்ன சொன்னே?"

"மூணாம் பக்கம் பாருங்க."

படித்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எடுத்தாச்சுன்னு சொன்னியே!"

"எடுத்தாச்சான்னுதானே கேட்டீங்க? எதுன்னு கேட்டீங்களா?"

"நேரா வந்து சொல்லியிருக்கலாம்ல? வாயைத் தெச்சா வெச்சிருக்கே?"

"நீங்க நேரா வந்து கேட்டிருக்கலாம்ல? மேடையில நிக்கப்போறது நீங்கதானே?"

"கத்தாதே."

"நான் கத்தறேனா?"

நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

"முடிஞ்சுபோச்சு" என்றாள் அண்ணி. "சாருக்குப் போன் பண்ணி ரத்து பண்ணச் சொல்லிடறேன். இந்த வருஷம் அந்தக் குழு திரும்ப வராது. வேலை வேற துறைக்குப் போகட்டும்."

போனை எடுத்தாள். அதன்மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தேன். என் கோபம் போய்விடவில்லை. ஆனால் தகட்டின் அந்த ஓரம் என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

"இரட்டைப்படைன்னா ஒரு ஓரத்துல மென்மையான அடுக்கு வருது. அவ்வளவுதான்" என்று படம் போட்டேன். "மத்த இடமெல்லாம் என் கட்டுமானம் அப்படியே நிக்கும். அந்தக் கடைசி அடுக்குக்குள்ள மட்டும் வளைவைத் திருப்பிவிடறேன்."

"சரிவு எகிறிடாதா?"

"எகிறாது. உயரமே அடுக்கு அளவுக்குத்தான் மாறுது. கூடுதல் ஆற்றல் அந்த அடுக்கோட தடிமன் அளவு. அடுக்கு மெலிஞ்சா அதுவும் ஒண்ணுமில்லாம போயிடும்."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "என் பாதி? ஒற்றைப்படைக்கு என்ன பண்றது?"

"ஒரு அடுக்கை வெட்டி எறிங்க. கீழ்ப்பாதிதானே. ஆற்றலைக் குறைச்சு எண்ணினா உங்களுக்கென்ன நஷ்டம்?"

பேனாவைப் பிடுங்கி ஆறேழு வரி எழுதினாள். அடித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு பேனாவை மேசைமேல் போட்டாள்.

"முழுத் தொடர்வரிசைக்கும் வருது. பொறுக்கவே வேண்டாம்."

"ம்."

"கைவேலையாம், கைவேலை" என்றாள் அண்ணி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று நின்றது. "ஆனா இதை நாளைக்கு நான் சொல்ல முடியாது. அந்த ஓரத்துல என்ன நடக்குதுன்னு எவனாவது குடைஞ்சு கேட்டா என்னால சமாளிக்க முடியாது. நீதான் பேசணும்."

"இப்போ மட்டும் நான் வேணுமா?"

"என்னது?"

"வேலை கிடைக்கிற வரைக்கும் நீங்க, ஓட்டை அடைக்க நானா?"

அண்ணி எழுந்துவிட்டாள். "ஏன் பேசமாட்டே? நீதானே மேடை வேணாம், அண்ணியே பேசட்டும்னே! மூஞ்சியைப் பார்த்துச் சொல்லக்கூட உனக்கு மனசு வரல. எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு, நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கிட்டே. நான் என்னடி பாவம் பண்ணேன் உனக்கு?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை.

"நான் எப்போ சொன்னேன்?"

"சொல்லலையா?"

"நீங்கதானே சார்கிட்டப் போய்க் கேட்டீங்க?"

"நானா கேட்டேன்? சார் கூப்பிட்டு, உன் நாத்தனாருக்குப் பேச வராதாம், நீயே பேசுன்னார். வராதாம்னு, யாரோ சொன்ன மாதிரி. வீட்டுக்கு வந்து உங்க அண்ணனைக் கேட்டேன். ஆமா, அவளுக்கு வேணாமாம்னார்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வெகுநேரமாக ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"டீ போடட்டுமா?" என்றான் எங்களைப் பார்க்காமல்.

"குழாயை மூடு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மூடினான். "அன்னிக்கு உங்க துறை லிஃப்டைப் பார்க்கப் போனப்போ சார் உள்ள இருந்தார். உன் தங்கச்சியைத்தான் பேச வைக்கலாம்னு இருக்கேன்னார். சமாளிப்பாளான்னு கேட்டார்."

என்னைத்தான் பேச வைக்க நினைத்திருக்கிறார். என்னைத்தான். மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நீ என்ன சொன்னே?"

"எட்டாம் வகுப்புல நீ மேடையில நின்னு அழுதியே, நான் முன் வரிசையில உட்கார்ந்திருந்தேன். அதை மறுபடியும் என்னால..."

"நான் அதைக் கேக்கல. நீ என்ன சொன்னே?"

அவன் அண்ணியைப் பார்த்தான்.

"அவங்களை ஏன் பார்க்கறே? இங்க பாரு. முப்பத்தெட்டு நாளா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னே. உப்பு தீர்ந்ததைச் சொன்னே, கரண்ட் பில்லைச் சொன்னே. இதை மட்டும் சொல்லல. இப்போ எனக்குச் சொல்லு. நேரா."

அவன் ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"உன்னால முடியாதுன்னு சொன்னேன்" என்றான். "நீ சொன்னதா நான்தான் சொன்னேன்."