கறுப்புப் பைக்கு ஒரு திறப்பு விழா

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளக் கட்டி, பிள்ளைகள் குறைந்து பூட்டிக் கிடந்த ஆயாக் கொட்டகையைத்தான் மயிலம்மாள் கேட்டாள். பக்கத்து டவுன் செனாவாங்கில் சர்க்யூட் பலகை செய்யும் ஃபேக்டரியில் எட்டு வருஷமாக, ஃபிலிமைக் கெடுக்காத மஞ்சள் விளக்கடியில் நின்றவள் அவள். செப்புத் தகட்டில் ஒட்டும் நீல ஃபிலிமில் வெளிச்சம் பட்ட இடம் இறுகும். படாத இடம் சோடா உப்புத் தண்ணீரில் கரைந்து பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில் மையைத் தேய்த்து, ஈரத்தாளை வைத்து, ரப்பர் ஷீட் உருட்டும் பழைய கைமெஷினில் கொடுத்தால் படம் விழும் என்பதை அவளாகவே கண்டுகொண்டாள். ஆசிட் இல்லை, புகை இல்லை. தோட்டத்துப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர், ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு, அவள் மனுவை மூன்று மாதம் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"ஆசிட் இல்லாம தகடு எப்படிம்மா பள்ளமாவும்? யாருக்குக் காது குத்துற?"

"செஞ்சு காட்டுறேங்கய்யா."

"தோட்டத்து விழாவுக்கு நம்ம தொகுதி டத்தோ வர்ற அன்னிக்குக் காட்டு. அவரு சரின்னா கொட்டகை உனக்குத்தான் லா."

ஃபேக்டரி சூப்பர்வைசர் கொடுத்த மிச்ச ஃபிலிம் ஒரே துண்டுதான் இருந்தது. தகட்டில் ஒட்டிக் கறுப்புப் பைக்குள் வைத்தாள். குழாயடியில் வாளியோடு நிற்கும் பெண்களைத் தனியாக ஒரு கண்ணாடித் தாளில் வரைந்திருந்தாள். அதை மேலே வைக்கும்வரை பையைத் திறக்கக் கூடாது என்று தலைவரிடம் நான்கு முறை சொன்னாள். நான்கு முறையும் தலையாட்டினார்.

ஆனால் விழா என்றால் எதையாவது திறந்தாக வேண்டும். ரிப்பன் வாங்க மறந்திருந்தார்கள்.

நடு வெயிலில் தாம்பாளத்தில் பையை வைத்து டத்தோவிடம் நீட்டினார் தலைவர். கொட்டகையில் மஞ்சள் பல்பு மாட்டிக்கொண்டிருந்தவள் ஓடி வருவதற்குள் தகடு வெளியே வந்துவிட்டது.

"அப்படியே தூக்கிப் பிடிங்க, டத்தோ!"

போட்டோக்கார முனியாண்டி கேமராவில் ரோல் மாற்றி முடிக்கும்வரை எல்லோரும் சிரித்தபடி நின்றார்கள். ஃபிலிமின் வெளிர்நீலம் முழுக்க இறுகிக் கருநீலமாவதை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

"கெட்டுப்போச்சுங்கய்யா."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு? செய்யி."

செய்தாள். படத்தை வைத்து வெயில் காட்டினாள். கழுவினாள், எதுவும் கரையவில்லை. மை பூசித் துடைத்தாள், எதுவும் நிற்கவில்லை. மெஷினிலிருந்து தாள் வெள்ளையாகவே வெளியே வந்தது. அன்றைக்கு அங்கே உண்மையாக இருந்தது அந்த வெள்ளைத் தாள் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"இது என்ன படம்?" என்றார் டத்தோ.

"நம்ம தோட்டத்துச் சுத்தம், டத்தோ!" என்றார் தலைவர். "பாருங்க, ஒரு பொட்டு விஷம் இல்ல!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மறுவாரமே கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டி, 'கலைக்கூடம்' என்று போர்டும் வைத்தார்கள். மயிலம்மாள் சாவி கேட்கப் போனாள்.

"சாவியா? மையும் தண்ணியுமா நீ வேலை செஞ்சா செவுரு என்னத்துக்காவும்? டத்தோ தொறந்த எடம் லா. ஞாயித்துக்கெழமை வந்து பாரு, செருப்ப வெளிய விட்டுட்டு."

சாவிக்கு நீட்டிய கையை அவள் மடக்கிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட தலைவர் வருகையாளர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். முதல் கையெழுத்து அவளுடையதாகவே இருக்கட்டுமாம்.