பிறந்த வீட்டுச் சேலை

"ஃப்ளெக்ஸ் போர்டு வேண்டாம்" என்றாள் பொன்செல்வி. "அப்படியே வச்சாலும் ஆதார் அட்டையில உள்ள போட்டோவப் போட்றாதீங்க. களவாண்டு பிடிபட்டவ மாதிரி இருக்கேன் அதுல."

அவள் புருஷன் முத்துச்செல்வம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இனி கீமோ வேண்டாம், வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து லீவு போட்டுவிட்டு அவளோடு இருக்கிறான். முதலில் அவள் தன் சாவுப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவான். இப்போதெல்லாம் உட்கார்ந்து கேட்கிறான். குளிப்பாட்ட அடுத்த வீட்டு விஜிலா வருவாள். அவளிடம் சொல்லியாயிற்று, அழுதுகொண்டே சம்மதித்துவிட்டாள். கொட்டு வேண்டாம். பந்தல் போட்டால் எதிர்வீட்டு ஆட்டோ வெளியே போக வழி விட வேண்டும். வருகிறவர்களுக்குச் சுக்குப் போட்ட கடுங்காப்பி.

"எல்லாம் சரி. பொறந்த வீட்டுக் கோடி?" என்று கேட்டுவிட்டு அவன் கீரையைப் பார்த்தான்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். ஏரல் பக்கம் வாழை போட்டிருக்கிற வன்னியபெருமாள். அந்த மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு அவனோடு அவளுக்குப் பேச்சில்லை. ஊரைத் தண்ணீர் சூழ்ந்து, பாலம் போய், போனும் செத்துக் கிடந்த நாட்களில் அம்மா இறந்துபோனாள். வழி திறந்ததும் டிராக்டரிலும் நடையிலுமாகப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சேற்றில் நின்றபடி, "அவ மொகத்தக்கூட எனக்குக் காட்டாம அனுப்பிட்டேல்லா, இனி நீ எனக்கு அண்ணனில்ல" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள். அவன் பதில் பேசவில்லை. அந்த மௌனத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அவளைக் கேட்காமலே முத்துச்செல்வம் போன் போட்டுவிட்டான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வன்னியபெருமாள் வந்து இறங்கினான், கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம். துண்டு கட்டிய அவள் தலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வாங்க மச்சான்" என்றான் முத்துச்செல்வம். காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போனவன் வெகுநேரம் வரவில்லை.

அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். நரைத்திருந்தான். பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்:

"அம்மாவ மொட்டமாடியில தார்ப்பாய்க்குக் கீழ வச்சிருந்தேன். நீ வந்துருவ, வந்துருவன்னு பாத்தேன். அதுக்கு மேல வச்சிருக்க முடியல, ஏளா. சுடுகாடு முங்கிக் கெடந்தது. வாய்க்கா மேட்டுல வச்சித்தான்…"

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"மாமாமாரு யாரும் வர முடியல. கோடி எடுக்கக் கடை ஏது? வீட்டுக்குள்ள நனையாம கெடந்தது ஒரு சேலதான். நீ தீவாளிக்கு எடுத்துக் கொடுத்தது. பிளாஸ்டிக் கவரப் பிரிக்காம அலமாரி மேல வச்சிருந்தா. அதத்தான் உடுத்தி அனுப்புனேன்."

அரக்கில் மஞ்சள் கரை. அவளே தேடி எடுத்தது. பொன்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"ஏன் சொல்லல?"

"நீ எங்க சொல்ல விட்ட?"

அவள் அவன் கையைத் தேடிப் பிடித்தாள். "அண்ணே, எனக்கு நீதான் எடுக்கணும். இப்பவே. நான் கண்ணால பாத்துக்கிடுதேன்."

"கோட்டிக்காரி. உசுரோட இருக்கவளுக்கு எவனாவது கோடி எடுப்பானா?"

"சேலைன்னு எடு. ஆகுத அன்னைக்கு அது கோடி ஆயிட்டுப் போவுது."

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் எதிர்வீட்டு ஆட்டோவில் மூவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். படியேற அண்ணன் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம். "என்ன விசேஷம் அண்ணாச்சி?" என்று கேட்டாள் சேலை விரிக்கிற பெண். "தங்கச்சிக்கு" என்றான் வன்னியபெருமாள். அந்தப் பெண் பொன்செல்விக்கு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள்.

வாடாமல்லி நிறத்தில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பொன்செல்வி கண்ணாடி பார்த்தாள். "இது போதும்ணே."

"கரை சின்னதா இருக்கு."

மயில்கழுத்தை எடுத்தாள். நூல் சரியில்லை என்றான். மாம்பழ மஞ்சளுக்கு நிறம் நிற்காது என்றான். கல்யாணத்துக்குக்கூட நின்ற நிலையில் துணி எடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறவன் அவன். பொன்செல்வி முத்துச்செல்வத்தைப் பார்த்தாள். அவன் தெருப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். பிரித்த சேலைகள் அவள் மடியை மறைத்து, நாற்காலிக் கையைத் தாண்டிச் சரிந்தன. தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கின. வன்னியபெருமாள் அண்ணாந்து மேல்தட்டைக் காட்டினான்.

"அங்கன இருக்கத எடுங்கம்மா. அதுக்குப் பின்னால உள்ளதையும்."